நிற்காத லிஃப்ட்

கப்பலை விட்டு இறங்கும்போதே அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான் என்று முடிவு செய்துகொண்டேன். நகரத்தைப் பார்ப்பது அல்ல, இவரைப் பார்ப்பது. மாலை நாலரைக்குக் கப்பலின் கதவை மூடுவார்கள், ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். அதற்குள் இவரை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் போதும். எந்தக் கட்டடம் எத்தனை மாடி என்று தெரியாமலேயே நான் நிம்மதியாக இருந்துகொள்வேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆறு வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து இவர் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், பிரித்துப் படித்தேன், மறுநாள் இவருக்குத் தெரியாமல் டாக்டருக்குப் போன் செய்தேன். மறதி நோய், இப்போதுதான் ஆரம்பம், ஆனால் கூடிக்கொண்டே போகும், அழைத்து வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்றார். மகள் இந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பயணம் முடியட்டும் என்று கவரை என் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டு மூடினேன். இவரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் மூச்சுக் காட்டவில்லை.

நான் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். உரியவரைத் தவிர வேறொருவர் கையில் ஒரு தபாலையும் நான் கொடுத்ததில்லை. தம்பி வந்திருக்கேன், மச்சான் வந்திருக்கேன் என்று நிற்பவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவள் கட்டிய கணவனின் தபாலைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பியிருந்தேன்.

எங்கள் குழுவில் பதினேழு பேர். வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஒரு நீளக் குச்சியின் நுனியில் சிவப்புக் காலுறை ஒன்றை மாட்டித் தூக்கிப் பிடித்திருந்தாள். குடை பிடித்தால் நாலு குழுவில் நாலு குடை இருக்கும், காலுறை எனக்கு மட்டும்தான் என்றாள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு நீல நாடாவை மாட்டிவிட்டாள். நாடாவில் தீப்பெட்டி அளவு ஒரு கருவி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். அவள் சட்டையில் சின்ன மைக்.

"நான் பேசுறது உங்களுக்குக் கேக்கும். நீங்க பேசுறது எனக்குக் கேக்காது. நூறு நூத்தம்பது மீட்டர் வரைக்கும் வேலை செய்யும். கிட்ட வந்தா தெளிவா இருக்கும், தள்ளிப் போனா கரகரன்னு ஆயிடும்," என்றாள். "ஒருத்தர் மட்டும் பேசிக்கிட்டே இருப்பாங்க, இன்னொருத்தர் தலையாட்டணும். கல்யாணம் ஆனவங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். இவர் கருவியைத் திருப்பிப் பார்த்து, பின்மூடியைக் கழற்றி, பேட்டரியைப் பார்த்து, மறுபடி மூடினார். அந்த விரல்களுக்கு இன்னும் எதுவும் மறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முதலில் கப்பல் முனையத்தின் கூரையைக் காட்டினாள். ஒரு தூண் கூட இல்லாமல் கால்பந்து மைதானம் அளவுக்கு நின்றது. பிறகு நடைபாதையில் பதித்திருந்த ஒரு பித்தளைக் கோட்டைக் காட்டினாள். அறுபது வருடத்துக்கு முன்னால் கடல் அதுவரைக்கும் இருந்ததாம். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் கடலில் மண் கொட்டி உண்டாக்கிய நிலம், அதன் மேல் நாற்பது மாடி, ஐம்பது மாடி. "ஒவ்வொரு கட்டடத்துக்கும் பூமிக்குள்ள இன்னொரு கட்டடம் நிக்குது. தூண் தூணா பாறை வரைக்கும் இறக்கியிருக்காங்க," என்றாள். எல்லோரும் கோட்டைத் தாண்டித் தாண்டிப் படம் எடுத்தார்கள். எனக்குக் காலுக்கடியில் தண்ணீர் இருப்பதாகவே தோன்றியது. ஆறு வாரமாக எனக்கு எந்தத் தரையும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கோபுரத்தின் கூடத்தில் நின்றபோது இவர் கையைத் தூக்கினார். "இதுல மொத்தம் எத்தனை லிஃப்ட்மா?"

"இருபத்திரண்டு, சார். இதுவரைக்கும் ஒருத்தரும் இதைக் கேட்டதில்ல."

"ஒரே லிஃப்ட் குழிக்குள்ள ரெண்டு கேபின் ஓடுதா? இல்ல, பாதி வழியில மாறி ஏறணுமா?"

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பதாவது மாடியில் மாறி ஏற வேண்டும் என்றாள். இவர் லிஃப்ட்காரர் என்று தெரிந்ததும் அவளாகவே ஒன்றைச் சொன்னாள். "அப்ப உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பழைய துறைமுக ஆபீஸ்ல கதவே இல்லாத லிஃப்ட் ஒண்ணு ஓடுது. நிக்கவே நிக்காது. ஒரு பக்கம் ஏறிக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் இறங்கிக்கிட்டே இருக்கும். ஓடும்போதே தாவி ஏறணும், தாவி இறங்கணும். நம்ம லிஸ்ட்ல இல்ல, நேரம் பத்தாது."

"சங்கிலி லிஃப்ட்," என்றார் இவர். "பயிற்சியில படம் போட்டுக் காட்டினாங்க. நேர்ல பார்த்ததில்ல. இன்னும் ஓடுதா?" சின்னப் பிள்ளை பொம்மைக் கடையைக் கடக்கும்போது இருக்குமே, அப்படி ஒரு முகம்.

அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பார்த்தவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

பத்து நிமிடம் கழித்து, அதே கூடத்தை விட்டு வெளியே வரும்போது, இவர் மறுபடி கையைத் தூக்கினார். "இதுல மொத்தம் எத்தனை லிஃப்ட்மா?"

ஒரு நொடி அவள் விழித்தாள். நான் குறுக்கே புகுந்தேன். "இருபத்திரண்டுன்னு சொன்னாளே, காதுல விழலையா? இவருக்குக் காது கொஞ்சம் மந்தம்மா. மோட்டார் சத்தத்துலயே வாழ்ந்தவரு."

அதுதான் என் தந்திரம். ஆறு வாரமாக ஊரெல்லாம் இவரைச் செவிடாக்கி வைத்திருந்தேன். மறதியை மறைக்க அதைவிட நல்ல போர்வை கிடைக்கவில்லை. இவர் என்னை ஒருமுறை பார்த்தார். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருத்தி மட்டும் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடமிருந்து ஒதுங்கியே நடந்தேன்.

அடுத்த தெருவில் எல்லோர் காதிலும் திடீரென்று ஒரு சண்டை கேட்டது. "அத்தை, குழாய்க்காரன் வந்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. நீங்க அவனைத் திட்டினா அவன் எப்படி வருவான்?" வழிகாட்டி கொஞ்சம் தள்ளி நின்று மாமியாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மைக்கை அணைக்கவில்லை. பதினேழு பேரும் சத்தம் போடாமல் நின்று குழாய்க்காரர் கதையைக் கடைசி வரை கேட்டோம். திரும்பி வந்து எங்கள் முகங்களைப் பார்த்தவள் மைக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வாரத்துக்கு ஒரு தடவை இது நடக்குது. என் குடும்பக் கதை தெரியாத கப்பலே கிடையாது," என்றாள். இவர் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு.

பிறகு தானியக் கிடங்குக்குப் போனோம். முன்பு கப்பலில் வரும் கோதுமையைக் கொட்டி வைக்க நாற்பது சிமென்ட் குழாய்களை நெருக்கி நிறுத்திக் கட்டியிருந்தார்கள். இப்போது அவற்றை நடுவில் குடைந்து நூலகமாக்கியிருக்கிறார்கள். உள்ளே நின்று அண்ணாந்தால் வெட்டிய குழாய்களின் விளிம்புகள் வளைவு வளைவாகத் தெரிந்தன, வெளிச்சம் அவற்றின் வழியாக இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது வேறு அவசரம். காலையிலிருந்து இவரை விட்டுப் போக மனமில்லாமல் அடக்கிக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு அருகில் ஒரு பெஞ்சில் இவரை உட்கார வைத்தேன். "இங்கயே இருங்க. நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

"நான் என்ன பார்சலா?" என்றார்.

கழிப்பறையில் வரிசை. எனக்கு முன்னால் ஆறு பேர். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் நான் அங்கிருந்தே பெஞ்சை நினைத்துக்கொண்டேன். காதில் அவள் குரல் கேட்டது. "கிளம்புறோம், எண்ணிக்கறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு…" நான் ஓட்டமாக வெளியே வந்தபோது அவள் காலுறைக் குச்சியால் நீல நாடாக்களை எண்ணி என்னோடு பதினேழு என்று முடித்தாள். பெஞ்ச் காலியாக இருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. கப்பலில் எல்லோருக்கும் கொடுத்த தொப்பி. அதே உயரம், அதே சாம்பல் நிறச் சட்டை. எண்ணிக்கை சரி, தொப்பி சரி. எட்டு நிமிடம் பின்னாலேயே நடந்தேன். பாதசாரிகள் பாலத்தில் ஏறியதும் முன்னால் போய் முழங்கையைப் பிடித்தேன். "கொஞ்சம் மெதுவா நடங்களேன்."

திரும்பிய முகம் யாரோ ஒருவருடையது.

பிடித்த கையை விட்டுவிட்டு, இவரைக் காணோமே என்று கத்தினேன். வழிகாட்டி ஓடி வந்து, "பதினேழு பேர் எண்ணினேனே அம்மா," என்றாள். அந்த மனிதர் சங்கடமாகத் தன் நீல நாடாவைத் தொட்டுக் காட்டினார். அவர் வேறு குழுவாம், அதே கம்பெனி, அதே நாடா. "எங்க கைடு ஒரே வருஷமும் தேதியுமா சொல்றாரு. நீங்க கதை நல்லா சொல்றீங்கன்னு நூலகத்துல வந்து சேர்ந்துக்கிட்டேன்," என்றார். அவள் மனிதர்களை எண்ணவில்லை, நாடாக்களை எண்ணியிருக்கிறாள். ஒருவர் போய் ஒருவர் வந்ததில் கணக்கு சரியாக நின்றுவிட்டது.

மணி மூன்று பத்து.

அவள் மற்றவர்களைப் பாலத்தடியில் இருந்த ஒரு காபிக் கடையில் உட்கார வைத்தாள். டீச்சரம்மாவிடம் குச்சியைக் கொடுத்து, யாரும் நகரக் கூடாது என்றாள். பிறகு என்னிடம் வந்தாள். "அம்மா, சாருக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா? எங்கிட்ட மறைக்காதீங்க."

"காது மந்தம்," என்றேன். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன். கப்பலில் கொடுத்த படிவத்தில் மறதி, மயக்கம் ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கும் இல்லை என்றுதான் குறியிட்டிருந்தேன். பொய்க்கு ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால் அது தன் சொந்தக்காரர்களையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

இவரிடம் போன் கிடையாது. இரண்டு தடவை தொலைத்ததால் நானே வாங்கி வைத்திருந்தேன். ஆனால் காதில் கருவி இருக்கும். நாங்கள் வந்த வழியே திரும்பி ஓடினோம். ஓடிக்கொண்டே அவள் மைக்கில் பேசினாள். "லிஃப்ட் சார், நான் பேசுறது கேட்டா அங்கயே நில்லுங்க. எங்கயும் போகாதீங்க. நாங்க வந்துக்கிட்டிருக்கோம்." பத்தடிக்கு ஒருமுறை அதையே சொன்னாள். பதில் வராத கருவி. அவர் கேட்கிறாரா, கேட்டுத் தலையாட்டுகிறாரா, பித்தளைக் கோட்டைத் தாண்டி ஏதோ ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கிறாரா, எதுவும் தெரியாது. எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைத் தொப்பிக்குக் கீழேயும் அவர் முகத்தைத் தேடினேன். கண்ணாடிச் சுவர்களில் எங்கள் உருவமே நான்கு பக்கமும் ஓடி வந்தது. சாம்பல் நிறம் கண்ணில் படும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நூலகத்தில் அவர் இல்லை. பெஞ்சுக்கு அடியில் கூடக் குனிந்து பார்த்தேன், பைத்தியக்காரி. வாசல் காவலாளி தொப்பி போட்டவர்கள் நூறு பேர் போனார்கள் என்றார். வெளியே நூலகத்துக்கும் பின்கட்டடங்களுக்கும் நடுவே ஒரு திறந்த சதுக்கம். அங்கே வந்து நின்றோம். மூன்று இருபத்தைந்து.

"நான் துறைமுகப் போலீசுக்குச் சொல்லணும்," என்றாள் அவள். "அவங்க முதல்ல கேக்கப் போறது ஒண்ணுதான். ஆள் தனியா வழி கண்டுபிடிச்சு வருவாரா, மாட்டாரா. வருவாருன்னா ஒரு மாதிரி தேடுவாங்க, மாட்டாருன்னா வேற மாதிரி. நீங்க சொல்லுங்கம்மா. வருவாரா?"

நான் அங்கிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆறு வாரம் அடைத்து வைத்தது அவ்வளவும் ஒரேயடியாக வந்தது. விக்கி விக்கி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

"வர மாட்டாரும்மா. அவருக்கு மறதி நோய். டாக்டர் சொல்லிட்டாரு. அவருக்குத்தான் தெரியாது, நான் சொல்லல. அவர் பேருக்கு வந்த தபால், பதிவுத் தபால், நானே கையெழுத்துப் போட்டு வாங்கி நானே பிரிச்சேன். இதோ இந்தப் பையில இருக்கு. முப்பது வருஷம் ஊரார் தபாலைப் பத்திரமா குடுத்தவ நான். அவர் தபாலை மட்டும் குடுக்கல. குடுத்தா அவர் முகம் எப்படி மாறும்னு பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. தினமும் காலைல எனக்கு டீ போடுவாரு. சர்க்கரை போட்டதை மறந்து மறுபடியும் போடுவாரு. நான் ஒண்ணும் சொல்லாம குடிச்சுருவேன். காது மந்தம்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நல்ல காதும்மா அவருக்கு. மோட்டார் சத்தத்தை வெச்சே எந்த பேரிங் தேஞ்சிருக்குன்னு சொல்லுவாரு. கட்டினவனைக் கண்ணு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா தொலைக்கப் போறேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இப்ப ஒரேயடியா தொலைச்சுட்டேன்."

நான் அழுதேன். நடுச்சதுக்கத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன். அவள் என் தோளைப் பிடித்தாள். பிடித்தவள் கை அப்படியே நின்றது. அவள் தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா," என்றாள். மைக்கை அணைத்தாள்.

அந்த நேரத்தில் என் மனம் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தால்தான் கிடைப்பார். அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது, பக்கத்தில் இருந்தால் அவ்வளவும் கேட்டிருப்பார். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். சதுக்கத்தின் அந்தப் பக்கம் ஒரு பழைய கல் கட்டடம், ஆறு மாடி, மேல் மாடிகளின் ஜன்னல்கள் திறந்திருந்தன.

"அது என்ன கட்டடம்?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பழைய துறைமுக ஆபீஸ். ஐயோ, நான்தானேம்மா சொன்னேன். நான்தான் வாயைக் குடுத்தேன்."

ஓடினோம். கனமான கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் ஒரு இருட்டுக் கூடம். எதிர்ச் சுவரில் கதவில்லாத இரண்டு திறப்புகள். இடது பக்கத்தில் ஆள் நிற்கிற அளவு மரப்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தன. வலது பக்கத்தில் மேலேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. எங்கும் நிற்கவில்லை. மேசையில் இருந்த காவலாளி எங்கள் நீல நாடாவைப் பார்த்ததும் எழுந்தார்.

"உங்க ஆளா? ஒருத்தரு வந்தாரு, லிஃப்ட் மெக்கானிக்னு சொன்னாரு, பார்த்துட்டுப் போறேன்னாரு. ஏறினாரு. ஏறினவரு இறங்கவே மாட்டேங்கிறாரு. சுத்திக்கிட்டே இருக்காரு. உச்சியைத் தாண்டினாலும் ஒண்ணும் ஆகாது, பெட்டி அப்படியே நகர்ந்து இந்தப் பக்கம் இறங்கிரும். ஆனா இவ்வளவு நேரம் யாரும் சுத்தினதில்ல. இறங்குங்கன்னா கையைக் காட்டி, இருங்க, இருங்கங்கிறாரு."

இறங்க மறந்துவிட்டாரோ? எந்த மாடியில் இறங்குவது, எப்படிக் காலை வைப்பது என்று தெரியாமல் திணறுகிறாரோ? கால் ஒரு அங்குலம் தப்பினால் போதும். நான் வலது திறப்பின் முன்னால் போய் நின்றேன். ஒரு பெட்டி இறங்கியது, காலி. இன்னொன்று, காலி. பெட்டி வரும்போது முதலில் அதன் தரை தெரியும், பிறகு தரை மேல் என்ன இருக்கிறது என்று தெரியும். மூன்றாவதும் காலி. நான்காவதில் ஒரு பெண் கோப்புகளோடு வந்து, போகிற போக்கில் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். ஐந்தாவதின் தரை இறங்கியது. அதில் ஒரு ஜோடி ஷூ. காலையில் நான் கட்டிய இரட்டை முடிச்சு.

பிறகு முழங்கால், சாம்பல் நிறச் சட்டை, நீல நாடா, காதில் ஒயர், தொப்பி. பெட்டியின் தரையும் கூடத்தின் தரையும் சமமாகும் அந்த ஒரு நொடியில் காலை எடுத்து வைத்து இறங்கினார். தினமும் அதில் போய்வருபவர் மாதிரி இறங்கினார்.

"சங்கிலி நல்லா இருக்கு," என்றார். "மேல சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு மாசக்கணக்காச்சு. சத்தம் சொல்லுது."

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன், வழக்கமான முகம்தான். கேட்டாரா? இந்தச் சுவர்கள் ஒரு முழ கனம். உள்ளே எதுவும் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழிகாட்டி மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், நான் கூப்பிட்டது கேட்டுதா?" என்றாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"ஒரே கரகரன்னு இருந்துச்சும்மா," என்றார் இவர்.

காபிக் கடைக்குத் திரும்பினோம். அங்கே ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை, தூரம் அதிகம். லிஃப்ட் பார்க்கப் போய்விட்டார் என்றதும் சிரித்தார்கள். டீச்சரம்மா குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நடந்தாள். "எங்க வீட்டுலயும் இருந்துச்சு," என்றாள் மெதுவாக. நான் காது மந்தம் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். வழிகாட்டி இந்த முறை முகம் முகமாக எண்ணினாள்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு முனையத்துக்கு வந்துவிட்டோம். தூணில்லாத கூரைக்குக் கீழே நாற்காலிகளில் உட்கார்ந்தோம். கப்பலில் ஏற வரிசை நீளமாக இருந்தது, கொஞ்சம் குறையட்டும் என்றார் இவர். எழுந்து போய் மூலையிலிருந்த மெஷினில் டீ எடுத்தார். நான் எழவில்லை, ஆனால் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்தார், கலக்கினார், காலிப் பொட்டலத்தைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு காகிதக் கோப்பைகளோடு வந்து, என் கோப்பையைக் கொடுத்து, காலிப் பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுதான் போட்டிருக்கேன். சரியா இருக்கான்னு பாரு. இல்லன்னா வாயைத் திறந்து சொல்லு. சும்மா குடிக்காதே."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மேல போகும்போது ஜன்னல் இருக்கு," என்றார். "அப்ப நீ தெளிவா கேட்டே. கீழ வந்தா சுவர், ஒண்ணும் கேக்கல. முதல் சுத்துல டாக்டர்னு கேட்டுது. என்னன்னு தெரியணும்ல, மறுபடி மேல போனேன். தபால்னு கேட்டுது. கீழ வந்தேன். மறுபடி போனேன். உன் குரல் நின்னு போற வரைக்கும் சுத்தினேன்." காதைத் தொட்டுக் காட்டினார். "எனக்குக் காது மந்தம்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கே. நல்லாத்தான் கேட்டுது."

"என்னங்க," என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

"எனக்குத் தெரியும்மா. பேரெல்லாம் தெரியாது. ஆனா ஏதோ தேயுதுன்னு தெரியும். சத்தம் சொல்லும்ல." கையை நீட்டினார். "என் பேர்ல ஒரு தபால் இருக்காமே. குடு."

உள்ஜிப்பைத் திறந்தேன். ஆறு வாரத்தில் கவரின் ஓரங்கள் மடங்கிப் பஞ்சாகியிருந்தன. கொடுத்தேன். பெயரைப் படித்தார். உடனே பிரித்துப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கவரின் கீழ் மூலையைக் காட்டினேன். ஆயிரம் பேருக்குக் காட்டியிருப்பேன், அப்படித்தான் விரல் போனது. அவர் முதல் எழுத்தைப் போட்டார். பேனா அங்கேயே நின்றது. ஒரு நொடியா, இரண்டு நொடியா, எனக்குத் தெரியாது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பேனா ஓடியது. அதே கையெழுத்து, அதே கடைசிச் சுழி.

"தேதியும் போடணும்ல?" என்றார். "இன்னைக்கு என்ன தேதி?"

கப்பலில் ஏறினால் யாருக்கும் தேதி நினைவிருக்காது. ஆனால் அதை நான் சொல்லவில்லை. தேதியைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.